உப்பு தின்ற வண்டிக்கு 1,40,000 ரூபாயா?

கேள்வி: திருப்பூரில் 2011 மாடல் பிக்கப் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். வண்டிமேல் கடன் இல்லை. நூல் பை, துணி ரோல் ஏற்றுவேன். சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டையும் மாதம் பத்து நடை போகும். அதற்கு நடைக்கு 150 ரூபாய் கூடுதல். செலவு போக மாதம் 26,000 ரூபாய் நிற்கிறது. நான்கு ஆண்டுக்கு முன் மாற்றிய பின்தளம் மறுபடி ஓட்டையாகிவிட்டது. கேபின் படி உளுத்துவிட்டது, சேஸிஸிலும் (வண்டியின் அடிச்சட்டத்திலும்) துரு. மூன்று மாதத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பட்டறையில் சேஸிஸ் வெல்டிங் 22,000, தளம் 38,000, கேபின் 30,000, முழு பெயிண்ட் 50,000, ஆக 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். வண்டியே 1,60,000தான் போகும் என்கிறார் தரகர். கையில் 50,000 இருக்கிறது. மீதி 90,000க்கு 12 சதவீத வட்டியில் 3 ஆண்டுத் தவணை தருகிறார்கள். வாங்கலாமா? இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா?
— ஒரு வாசகர், அவிநாசி

பதில்: இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது. துரு என்பது தேய்மானம், விபத்து அல்ல. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் இதுதான் பதில்.

கடனைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை மேட்டில் ஏற்றி, அடியில் படுத்து, சிறிய சுத்தியலால் சேஸிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உளுத்த இடம் தொப்பென்று கேட்கும். துரு செதில் செதிலாக முகத்தில் கொட்டும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்திலோ ஸ்டீயரிங் பெட்டி இருக்கும் இடத்திலோ அது உள்ளே இறங்கினால் 22,000 மட்டுமல்ல, 2,000 ரூபாய்கூட அந்த வண்டியில் போடாதீர்கள். முழு பாரமும் நிற்கும் இடத்தில் ஒட்டுப் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது உங்களுக்கும் எதிரே வருபவருக்கும் ஆபத்து. அந்த நிலையில் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை அப்படியே விட்டால், நாளை அந்த எண்ணில் எது நடந்தாலும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

துரு குறுக்குச் சட்டங்களிலும் ஓரங்களிலும் மட்டும்தான் என்றால் வண்டியைக் காப்பாற்றலாம். ஆனால் 1,40,000க்கு அல்ல. பாரம் தாங்கும் சேஸிஸுக்கும் தளத்துக்கும் 60,000. கேபினில் படியும் ஓட்டுநர் காலடித் தகடும் மட்டும் போதும், பத்தாயிரத்துக்குப் பேசுங்கள். முழு பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பளபளவென்று பெயிண்ட் அடித்து எஃப்.சி. காட்டுவது நம் பக்கத்து வழக்கம்தான், ஆனால் 14 வயது தாண்டிய வண்டிக்கு 50,000 ரூபாயில் அலங்காரம் எதற்கு? துரு எடுத்த இடங்களுக்கு மட்டும் 8,000 ஒதுக்குங்கள். ஆக 78,000. வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானம் இல்லை என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு 1,000 என்று 12 நாளைக்கு 12,000 சேர்த்தால் 90,000. கையிருப்பு போக 40,000தான் தேவை.

அதைத் தவணைக் கடனில் வாங்காதீர்கள். அவர்கள் சொல்லும் 12 சதவீதம் முழு அசலுக்கும் 3 ஆண்டும் ஓடும் வட்டி. 90,000க்கு வட்டி மட்டும் 32,400. மாதம் 3,400 கட்ட வேண்டும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். வட்டி ஏறக்குறைய இதில் பாதிதான் வரும். மாதம் 4,000 வீதம் கட்டினால் ஓராண்டுக்குள் மீட்டுவிடலாம்.

பட்டறையில் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். துருவின் மேலேயே தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி மறைத்துவிட்டால் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 16 கேஜைவிட மெல்லியதாக இல்லாத தகடு வைத்து, எட்டுகிற இடத்திலெல்லாம் இரு பக்கமும் ரெட் ஆக்சைடு அடிக்கச் சொல்லுங்கள். பிரைமர் அடிப்பதற்கு முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிடப் போகிறார்கள், அதையும் பாருங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றியாக வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் வண்டியைக் கொண்டுபோனால் யாரும் நின்று பேசக்கூட மாட்டார்கள்.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வரும். அதனால் உப்பைப் பற்றி இப்போதே முடிவு செய்யுங்கள். மாதம் பத்து நடை, நடைக்கு 150 என்றால் நான்கு ஆண்டில் 72,000 ரூபாய் கூடுதலாகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது சேஸிஸ், தளம், கேபின் மூன்றுக்கும் பட்டறை கேட்பது 90,000. பழுது எல்லாமே உப்பால் வந்தது என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அந்த 150 ரூபாய் லாபமே இல்லை.

உப்பு ஏற்றியே தீர வேண்டும் என்றால் தளத்தில் கனமான தார்ப்பாயை விரித்து, ஓரங்களை மேலே மடித்து விட்டு மூட்டையை அடுக்குங்கள். அன்று மாலையே தளத்தையும் அடிப்பக்கத்தையும் கழுவிவிட வேண்டும். போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் அதுவே உப்புத் தண்ணீர். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் நாலு குடம் எடுத்து ஊற்றினாலே போதும். சாயப்பட்டறைக்காரரிடம் நடைக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த லோடு வேறு வண்டியில் போகட்டும்.