கமிஷன் ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்ட வேண்டுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் சின்ன டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். பட்டறை என் பெயரில் இருக்கிறது. விற்பனை 40 லட்சத்துக்குள், தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்பதால் ஜிஎஸ்டி பதிவு இல்லை. சென்னையில் வீட்டு உள் அலங்காரம் செய்யும் ஒரு கம்பெனி, வாடிக்கையாளர்களை அனுப்புவதாகவும் பில் தொகையில் 10 சதவீதம் கமிஷன் வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் ஆறு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும் இரண்டு வருடம் வேறு அலங்காரக் கம்பெனிகளுக்கு நாங்கள் கல் கொடுக்கக் கூடாதாம். மீறினால் 5 லட்சம் அபராதமாம். அவர்களுடைய வக்கீலே போனில் பேசி, "வழக்கமான படிவம்தான், பயப்படாதீர்கள்" என்றார். இதற்குத் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா? செலவு கட்டுபடியாகுமா? காட்டினால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் காட்டுங்கள் அம்மா. அவர்களுடைய வக்கீலின் கடமை அந்தக் கம்பெனிக்கு. உங்கள் நன்மையைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடையாது. அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று நாளைக்கு நீங்கள் சொன்னால் அது எடுபடாது. தயக்கமும் வேண்டாம். நகரத்தார் வீட்டுக் கல்யாணத்திலேயே இசைபிடிமானம் என்ற திருமண உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கும் சீமை இது. தொழிலுக்கு எழுத்தைச் சரிபார்ப்பதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அப்படி நினைக்கும் கம்பெனியோடு கணக்கு வைத்துக்கொள்வதைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

உங்களைப் பயமுறுத்தியது இரண்டு வருடத் தடையும் அபராதமும். சட்டப்படி பார்த்தால் அவை இரண்டும் அவ்வளவு வலுவானவை அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவு, தொழில் செய்ய விடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு; முடிந்த பிறகும் தொடரும் தடையைப் பொதுவாக ஏற்பதில்லை. அபராதத்துக்கு 74-ஆம் பிரிவு இருக்கிறது. எழுதிய 5 லட்சத்தை அப்படியே வாங்கிவிட முடியாது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் வழக்குப் போட்டால், செல்லாது என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டியவர் நீங்கள். அதனால் அந்த இரண்டையும் இப்போதே நீக்கச் சொல்லுங்கள்.

பணம் உண்மையில் கரையப்போவது வேறு இடத்தில்: "அனுப்பப்பட்ட வாடிக்கையாளர்" யார் என்பதில். கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்க்க வருகிறவர் பட்டறைக்கும் வருகிறார். கூட்டி வரும் டிரைவர் ஒரு கமிஷன் கேட்கிறார், தங்கியிருக்கும் ஓட்டலில் ஒருவர் கேட்கிறார். அதே ஆள் சென்னைக் கம்பெனியிலும் ஒருமுறை விசாரித்திருந்தால் அவர்களும் 10 சதவீதம் கேட்பார்கள். ஒரே ஆர்டருக்கு மூன்று கை நீளும். எனவே வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், வீடு இருக்கும் ஊர் எல்லாவற்றையும் அவர் ஆர்டர் கொடுப்பதற்கு முன் கம்பெனி எழுத்தில் அனுப்பியிருந்தால்தான் கமிஷன் என்று இருக்கட்டும். வாட்ஸ்அப் போதும், ஆனால் எந்த நம்பருக்கு என்று ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள். ஏற்கனவே உங்களிடம் வாங்கியவர்கள், விலை கேட்டு வைத்திருப்பவர்கள் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. அதோடு அந்த உரிமைக்கு ஒரு முடிவும் வேண்டும். ஒருமுறை அனுப்பியவர் பத்து வருடம் கழித்து மகள் வீட்டுக்குக் கல் வாங்கினாலும் பங்கு என்பது அநியாயம். முதல் ஆர்டருக்கு மட்டும், அல்லது அனுப்பியதிலிருந்து 12 மாதத்துக்குள் வரும் ஆர்டர்களுக்கு என்று நிறுத்துங்கள்.

அடுத்தது "பில் தொகை". கல்லுக்கு 2,00,000 ரூபாய், லாரி வாடகையும் பதிக்கும் கூலியும் சேர்ந்து 60,000 என்று வையுங்கள். கல்லுக்கு மட்டும் என்றால் கமிஷன் 20,000. முழு பில்லுக்கு என்றால் 26,000. கூலியில் உங்களுக்கு என்ன நிற்கிறது, அதில் அவர்களுக்கு 10 சதவீதம் கொடுக்க? அப்புறம், அவர்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களாக இருந்தால் கமிஷன் மீது 18 சதவீத வரி சேர்ப்பார்கள். உங்களுக்குப் பதிவு இல்லாததால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. 10 சதவீதம் கையில் 11.8 ஆகிவிடும். "வரி உட்பட" என்று எழுத வையுங்கள். வாடிக்கையாளர் பணம் உங்கள் கைக்கு வந்த பிறகே கமிஷன், ஆர்டர் ரத்தானாலோ உடைந்த கல்லைத் திருப்பி எடுத்தாலோ அந்த அளவுக்குக் கிடையாது என்பதும் வேண்டும். உங்கள் பெயரில் விலை பேசவோ முன்பணம் வாங்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். அவர்கள் பெங்களூருக்கு ஆர்டர் பிடித்தால், அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். சரக்கு வெளிமாநிலம் போனால் பொதுவாக 40 லட்ச வரம்பு உதவாது.

தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்ற பத்தியையும் விட்டுவிடாதீர்கள். வழக்குக்கு உரிமையுள்ள நீதிமன்றங்களில் ஒன்றை மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம் என்பதை 2013-இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சென்னை என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள்தான் அங்கே போக வேண்டியிருக்கும். காரைக்குடி என்று கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் மன்றம் என்று இருந்தால், நடுவரை அவர்கள் மட்டுமே நியமிப்பதாக இருக்கக் கூடாது.

செலவுக்கு வருகிறேன். இது வழக்கு அல்ல, ஆறு பக்கம் படிக்கும் வேலை. ஒரே தொகையாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்குவது, மாற்ற வேண்டிய வரிகளை எழுதித் தருவது, அவர்கள் திருத்தி அனுப்பும் படிவத்தை மறுபடி பார்ப்பது மூன்றும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். மூன்றாவதைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்தக் கம்பெனிக்கு முன்பு வேலை செய்திருக்கிறாரா என்றும் தயங்காமல் கேளுங்கள். போகும்போது கடந்த வருட ஆர்டர் நோட்டைக் கொண்டுபோங்கள். யார் யார் எப்படி வந்தார்கள் என்று தெரிந்தால்தான் வக்கீலால் உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி எழுத முடியும்.

அதுவும் கட்டுபடியாகாவிட்டால், சிவகங்கை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆலோசனையும் அதில் சேரும். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

எல்லாம் திருந்தி வந்த பிறகு முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தத்துக்கான கட்டணம் 2024 மே மாதத்திலிருந்து 20 ரூபாய் அல்ல, 200 ரூபாய். குறைவான தாளில் எழுதினால், பாக்கியும் தண்டமும் கட்டும் வரை அதைச் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்திட்டு, உங்களுக்கென்று ஒரு அசல் பிரதி வாங்கி வையுங்கள்.