வெள்ளியங்கிரி இறங்கும்போது நகம் கறுக்கிறதா?

கோவை அருகே ஏழு மலை தாண்டும் வெள்ளியங்கிரியில் ஏறும்போது வலியில்லை, இறங்கியதும் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ஷூ சிறிசு. இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி, ஒவ்வொரு படிக்கும் விரல் நுனி போய் இடிக்கும். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவு ஷூ வாங்குங்கள். மாலையில், சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்தால் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டு வேறு சாக்ஸ் மாட்டுங்கள், ஈரக்காலில் கொப்புளம் நிச்சயம்.

கடைசியாக வருவது முதல் மலையின் கரடுமுரடான கல்படிகள்; தொடை ஓய்ந்திருக்கும். மூங்கில் தடியைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். தாவாதீர்கள்.