மூன்றுக்கும் ரெசல்யூஷன் 4, எதை எடுப்பது?

கேள்வி: ஏழு காரணிகள், 32 சோதனைகள். கைவசம் மூன்று பின்னத் திட்டங்கள் (எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்காமல் ஒரு பகுதியை மட்டும் சோதிப்பவை). எல்லாமே ரெசல்யூஷன் 4. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பிஸ்கட் சோதனை ஒன்றில் நானும் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டவன்தான். அடுப்புச் சூடும் நேரமும் சேர்ந்து செய்த கூத்தா, மாவும் சர்க்கரையும் செய்ததா, பிரிக்கவே முடியவில்லை.

காரணிகளுக்கு ஏ முதல் ஜி வரை பெயர் வைப்போம். எந்த விளைவு எதோடு கலக்கும் என்று காட்டும் எழுத்துச் சொற்களின் பட்டியல்தான் வரையறைத் தொடர்பு. ரெசல்யூஷன், அதிலுள்ள மிகக் குட்டையான சொல்லின் நீளத்தை மட்டும் சொல்லும். அப்படி எத்தனை சொற்கள்? அதையும் எண்ணி, குறைவாக உள்ளதை எடுங்கள் என்றார்கள் புள்ளியியலாளர்கள் ஃப்ரைஸும் ஹன்டரும், 1980-இல். இந்த அளவுகோலின் பெயர் மினிமம் அபரேஷன். உங்கள் மூன்றிலும் நான்கெழுத்துச் சொற்கள் 3, 2, 1 என்று இருக்கும். ஒன்று உள்ளதை எடுங்கள்: எஃப்=ஏபிசிடி, ஜி=ஏபிடிஇ (அதாவது எஃப், ஜி இரண்டின் அளவுகளும் மற்றக் காரணிகளின் பெருக்கலிலிருந்து வரும்). மொத்தம் 21 இரு-காரணி இடைவினைகளில் (இரு காரணிகள் சேர்ந்து தரும் விளைவுகளில்) 15 தெளிவாகக் கிடைக்கும். சி, இ, எஃப், ஜி இவற்றுக்கிடையேயான இடைவினைகள் மட்டும் தங்களுக்குள் குழம்பும். சூடு, நேரம் போலச் சேர்ந்து வேலை செய்யும் இரண்டையும் அந்த நான்கு எழுத்துகளில் வைத்துவிடாதீர்கள்.