காவடியில் வந்த உறுதி படிப்பில் ஏன் வரவில்லை?

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, கணக்காளர் தகுதிக்கான ஏ.சி.சி.ஏ. தேர்வுக்குப் படித்து வருகிறேன். மாலையில் மெட்ரோவில் வீடு திரும்பி, 7 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுக்கும் எனக்கு, அந்த உறுதி படிப்பில் மட்டும் ஏன் வரவில்லை?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: சகோதரி, உங்களிடம் உறுதி குறைவு என்று நான் நினைக்கவில்லை. காவடி எடுத்து நடக்கும்போது கைப்பேசி உங்கள் கையில் இல்லை. முன்னும் பின்னும் ‘அரோகரா’ முழக்கம் கேட்கிறது. செம்பிலுள்ள பால் சிந்தாமல் அடுத்த அடியை எடுத்து வைப்பது ஒன்றே வேலையாக இருக்கிறது. அங்கேயும் மனம் அலையத்தான் செய்யும். ஆனால் ஒவ்வோர் அடியும் அதைத் திருப்பி அழைத்து வந்துவிடுகிறது. படிக்கும் மேசையில் அப்படி அழைத்து வர எதுவும் இல்லாததால், அதை நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தால் போதாது. வேறோர் அறையில் வையுங்கள். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். குறுஞ்செய்திக்குப் பதில் எழுத அரை நிமிடம்தான் ஆகும். அதற்குப் பிறகு அதே வரியை மூன்று முறை படிக்க நேர்வது இதனால்தான். அலுவலகத்தில் அரைகுறையாக விட்ட வேலையும் இப்படியே உங்களோடு மெட்ரோ ஏறி வந்துவிடும் என்பதால், நாளைக் காலை அதை எங்கிருந்து தொடர்வீர்கள் என்பதைப் புறப்படும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

நார்மன் மாக்வொர்த் என்ற ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள் போன்ற ஒரு முள்ளின் அசைவை இரண்டு மணி நேரம் கண்காணிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் குறையத் தொடங்கியது. ஆகவே 25 நிமிடம் படித்துவிட்டு, 5 நிமிடம் எழுந்து நடங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, கண்ணால் வரிகளை ஓட்டிக்கொண்டே போகும் நுனிப்புல் மேய்ச்சலை நிறுத்துவதுதான். தேய்மானம் பற்றி இரண்டு பக்கம் படித்தீர்களானால், உடனே புத்தகத்தை மூடிவிட்டு, எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு என்று பார்க்காமல் எழுதிப் பாருங்கள். தடுமாறினால் அந்தப் பத்திக்கு மட்டும் திரும்புங்கள். காவடியில் அடுத்த அடி செய்த வேலையை இங்கே அந்தத் தாள் செய்யும்.

மெட்ரோவில் படிக்க முயலாமல் கண்களை மூடி ஓய்வெடுங்கள். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். சிறு வயது முதலே வீட்டு வேலை, அலுவலக வேலை எல்லாவற்றிலும் இதே சிக்கல் இருந்து வந்திருந்தால், தயங்காமல் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள்.