மடமையின் அரியணை: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் ‘மாக் ஃபிளெக்னோ’ என்ற அங்கதக் கவிதையையும் அதே வழியில் போப் எழுதிய ‘டன்சியட்’டில் சில பகுதிகளையும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். முன்னதில் அடிபடும் நாடகாசிரியர் ஷாட்வெல், பின்னதில் அடிபடும் திபால்ட் போன்ற மந்தபுத்திக்காரர்களைத் தோலுரிக்க மேதைகளால்தான் முடியும். ஆனால் சக கவிஞர்களை இகழும் பாடல்களை உயர்ந்த இலக்கியமாகக் கொள்ளலாமா? பைரனையும் இவ்வரிசையில் படிக்கலாமா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லண்டன் எழுத்தாளர்களின் பழைய சண்டையைத் தேடிப் படித்துச் சிரிக்க இன்றும் ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. பைரனைத் தாராளமாகப் படியுங்கள். தம் இளமைக் கவிதைகளை ‘எடின்பரோ ரெவ்யூ’ இதழ் கிழித்தெறிந்த கோபத்தில் ‘இங்கிலீஷ் பார்ட்ஸ் அண்ட் ஸ்காட்ச் ரிவ்யூவர்ஸ்’ என்ற அங்கதக் கவிதையை எழுதி 1809இல் வெளியிட்டார். வேகம் உண்டு, போப்பின் கூர்மை இல்லை.

ஆனால் ‘மந்தபுத்திக்காரர்கள்’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! ஷாட்வெல்லின் நாடகம் ஒன்றையாவது படித்தீர்களா? அவர் தவறிக்கூட அர்த்தத்தின் பக்கம் போகமாட்டார் என்னும் டிரைடனின் ஈரடி அழகானது. அழகாக இருப்பதால் அது சாட்சியம் ஆகிவிடாது.

என்னை நெடுநாளாக உறுத்துவது திபால்டின் கதை. போப் 1725இல் ஷேக்ஸ்பியர் பதிப்பை வெளியிட்டார். அதன் பிழைகளை மறுவருடமே ஒரு நூல் முழுக்கத் திபால்ட் எடுத்துக்காட்டினார். 1728இல் வந்த ‘டன்சியட்’டில் மடமைத் தேவியின் அரியணை அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வந்த தம் ஷேக்ஸ்பியரின் இரண்டாம் பதிப்பில் திபால்டின் திருத்தங்கள் பலவற்றைப் போப் எடுத்துக்கொண்டார் என்பதைச் சிரிக்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்னும் கிழவன் இறந்த விதத்தை விடுதிக்காரி விவரிக்கும் இடத்தில், 1623ஆம் ஆண்டுப் பதிப்பு ‘பசும்வயல்களின் மேசை’ என்று பொருளின்றிக் குழம்பிக் கிடந்தது. கிரீன்ஃபீல்ட் என்ற அரங்கப் பொருள் பொறுப்பாளரின் மேசையைக் கொண்டுவரச் சொல்லும் மேடைக்குறிப்பு வசனத்துக்குள் நுழைந்துவிட்டது என்று போப் விளக்கம் சொன்னார். திபால்டோ ஓரிரு எழுத்துகளைத் திருத்தி, சாகக் கிடக்கும் அந்தக் கிழவன் பசும்வயல்களைப் பற்றிப் பிதற்றினான் என்று படித்தார். குடியிலும் பொய்யிலும் வாழ்நாளைக் கழித்தவனின் மரணத்துக்கு இதைவிடக் கருணையான வரி ஏது? பெரும்பாலான பதிப்புகள் இன்றும் அவ்வாறே அச்சிடுகின்றன. எங்கள் கல்லூரிப் பேராசிரியர் அந்த வரியை வாசிக்கையில் குரல் தழுதழுத்தார். அதை மீட்டவர் யாரென்று சொல்லவில்லை. பிறகு ‘டன்சியட்’டை நடத்தியபோது திபால்டைக் குறித்து எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

போப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘டன்சியட்’டின் நான்காம் காண்டத்தின் முடிவில் கலைகள் ஒவ்வொன்றாக அணைந்து உலகை இருள் மூடும் இடம் தனிப்பகையைக் கடந்துவிட்ட கவிதை. உங்கள் கேள்விக்கு அதுவே போதும். ஆனால் 1743இல் அவர் திபால்டை இறக்கிவிட்டு, நடிகரும் அரசவைக் கவிஞருமான காலி சிப்பரை அந்த அரியணையில் அமர்த்தினார். ஏட்டுப் புழுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாடகக்காரருக்கு மாட்டிவிட முடிந்தது என்றால், முதலில் எடுத்த அளவு எவ்வளவு சரியாக இருந்திருக்கும்?

இனி எவரையும் மந்தபுத்திக்காரர் என்று எழுதுவதற்கு முன் ‘ஐந்தாம் ஹென்றி’யின் இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சியைப் படித்துவிடுங்கள். கூடவே ஷாட்வெல்லின் நாடகம் ஒன்றையும்.