மொட்டு விடாத சாமந்தி, ஓடு மெலிந்த முட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடியில் இரண்டு பாத்தி சாமந்தி நட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாத்தி பூத்துக் குலுங்குகிறது. தெருவோரப் பாத்தி இடுப்பளவு வளர்ந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. ஒரே நாற்று, ஒரே எரு. உரக்கடையில் ஆளுக்கொரு டானிக் சொல்கிறார்கள். எதை அடிக்கலாம்?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: எதையும் அடிக்க வேண்டாம். தெருவோரப் பாத்தியில் விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். இருட்டிய பிறகு அங்கே நின்று செய்தித்தாளின் தலைப்பை வாசிக்க முடிகிறதென்றால், காரணம் அந்த விளக்காகத்தான் இருக்கும்.

சாமந்தி, இரவின் நீளம் பார்த்துப் பூக்கும் செடி. அதன் இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெளிச்சம் குறுக்கிடாத நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும் உத்தரவு இலையிலிருந்து நுனிக்குப் போகும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் புகையிலையை இருட்டறைக்குள் வைத்து எடுத்து, பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் வெளியிட்டார்கள். செடி உண்மையில் கணக்கெடுப்பது இரவைத்தான் என்பது 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தை என்ற களைச்செடியில் செய்த சோதனையில் தெரிந்தது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைக் காட்டினாலே அந்தச் செடி பூக்கவில்லை.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இதையே தொழிலாக்கியிருக்கிறார்கள். தண்டு நீளும்வரை இரவு 10 மணி முதல் 2 மணிவரை விளக்கு எரியவிட்டு மொட்டைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு விளக்கை நிறுத்திவிடுவார்கள். உங்கள் தெருவில் பஞ்சாயத்து அதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை என்பதால், இந்தப் பருவத்தில் சூரியனைக் குறை சொல்ல வழியில்லை.

விளக்குப் பக்கம் ஒரு தகரமோ தென்னந்தட்டியோ நிறுத்தி நிழல் பாத்தி முழுக்க விழச் செய்வது சுலபம். முடியாவிட்டால் கம்பி வளைத்துக் கறுப்புத் துணி போடுங்கள். மாலை 6 மணிக்கு மூடி, காலை 7 மணிக்கு எடுக்க வேண்டும். பாலித்தீன் விரிப்பைவிடக் கெட்டித் துணி நல்லது. பாலித்தீனுக்குள் வெக்கை தேங்கி, சூட்டினாலேயே மொட்டு தாமதமாகும். ஓரத்தில் வெளிச்சம் கசியக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மறந்தால் அந்த அளவுக்குப் பூவும் தள்ளிப்போகும். மூன்று நான்கு வாரத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரியும். ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ. மொட்டில் நிறம் தெரிந்ததும் மூடுவதை நிறுத்தலாம். யூரியா மட்டும் போடாதீர்கள், இன்னும் இலைதான் வளரும். அடுத்த வருடம் அந்த இடத்தில் ரோஜா வையுங்கள். அது இரவு பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: நர்சரியில் வாங்கிய செம்பருத்தியை மொட்டைமாடியில் வைத்த மூன்றாம் நாள் இலைகள் வெளுத்துத் திட்டுத்திட்டாகக் காய்ந்தன. வேப்பெண்ணெய் அடித்தேன், இன்னும் மோசமானது. என்ன பூச்சி இது?
– வாசகர், மதுரை

பதில்: பூச்சியில்லை, வெயில். நிழல்வலைக்குள் விரிந்த இலை மெல்லியது. குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்கவே அமைந்தது. முழு வெயிலில் அது வெந்துபோகும். வெயில் நேரத்தில் எண்ணெய் அடித்தால் சேதம் கூடும். மேலே தெரியும் இலைகள் மட்டும் வெளுத்து, அவற்றின் மறைவில் இருந்தவை பச்சையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய இலை தேறாது. ஆனாலும் புதுத் துளிர் வரும்வரை பறிக்காதீர்கள். செடியை 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்து, முதல் வாரம் காலை 9 மணிவரை மட்டும் வெயில், இரண்டாம் வாரம் 11 மணிவரை என்று கூட்டுங்கள். வெயிலில் விரியும் புது இலை தடிமனாகவே வரும்.

கேள்வி: முப்பது முட்டைக்கோழி வைத்திருக்கிறோம். சித்திரை பிறந்தால் முட்டை ஓடு மெலிந்து, கையில் எடுக்கும்போதே உடைகிறது. கிளிஞ்சல் தூள் கலந்தும் பயனில்லை. ஏன்?
– வாசகர், நாமக்கல்

பதில்: கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி; வெளியே சூடு ஏறினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் தீவனத்திலிருந்து வரும், கார்பனேட்டோ இரத்தத்தில் கரைந்திருக்கும் அந்தக் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வர வேண்டும். ஆக, கிளிஞ்சலை எவ்வளவு கூட்டினாலும் பாதிச் சரக்கு வந்து சேருவதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. குளிர்காலத்தில் நாளுக்கு 110 கிராம் தின்னும் கோழி வெயிலில் 80 கிராமோடு நிறுத்திக்கொண்டால், 3.8 சதவீதக் கால்சியம் உள்ள தீவனத்தில் அதற்கு 4.2 கிராமுக்குப் பதில் 3 கிராம்தான் கிடைக்கும்.

தீவனத்தை விடியற்காலையிலும் மாலை 5 மணிக்குப் பிறகும் வையுங்கள். உச்சிவேளையில் தின்றால் செரிமானச் சூடும் சேரும். கிளிஞ்சலைத் தூளாக்காமல் 2 முதல் 4 மில்லிமீட்டர் நொய்யாக உடைத்து மாலையில் தனித் தட்டில் வையுங்கள். ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. நொய் அரைப்பையில் தங்கி இரவு முழுக்க மெல்லக் கரையும்; தூள் சீக்கிரமே கடந்துபோய்விடும். இளைப்பில் போன கார்பனேட்டை ஈடுகட்ட, தீவனத்தில் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் சமையல் சோடா சேர்க்கலாம், ஆனால் அதற்கேற்ப உப்பைக் குறைக்க வேண்டும். கூடினால் எச்சம் நீர்த்துப் போகும். தண்ணீர்க் குழாய் வெயிலில் கிடந்தால் கோழி குடிக்காது, அதை நிழலுக்கு மாற்றுங்கள். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி நனையுங்கள். கொட்டகைக்குள் தண்ணீர் தெளிப்பது காற்று வறண்டிருந்தால் மட்டுமே உதவும். புழுக்கத்தில் தெளித்தால் இளைப்பு தணியாமல் இன்னும் கூடும்.

கேள்வி: தொட்டியில் உள்ள தொட்டாற்சிணுங்கியைப் பிள்ளைகள் ஓயாமல் தொடுகிறார்கள். இப்போது சரியாக மடங்குவதில்லை. செத்துவிடுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அதனால் சாகாது. ஆனால் மடங்கியிருக்கும் நேரத்தில் இலைக்கு வெளிச்சம் குறைவதால் உணவு தயாரிப்பு குறையும். எனவே ஆபத்தில்லாத தொந்தரவைப் பொருட்படுத்தாமல் விட அது பழகிக்கொள்கிறது. ஆய்வாளர் மோனிகா காக்லியானோ குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனையில், 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடப்பட்ட செடிகள் மடங்குவதை நிறுத்தின. 28 நாள் கழித்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. களைத்துப்போனதா, பழகிப்போனதா என்று தெரிய வேண்டுமானால் தொட்டியைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். பழகிய செடி இந்தப் புதுத் தொந்தரவுக்கு உடனே மடங்கும். அதற்கும் மடங்கவில்லையென்றால் வெளிச்சம் போதுமா, மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.