மைக்கேல் ரட்டர்: தன் முடிவைத் தானே திருத்திய மருத்துவர்

கேள்வி: குழந்தைகள் மனநல மருத்துவம் படிக்க விரும்பும் மாணவி நான். ரட்டர் தொடக்கத்திலிருந்தே, பிறருடன் பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசத்தைத்தான் ஆராய்ந்தாரா?

பதில்: இல்லை. 1933இல் லெபனானில் பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பர்மிங்காமில் மருத்துவம் படித்த அவரை, லண்டன் மாட்ஸ்லி மனநல மருத்துவமனையில் குழந்தைகள் பக்கம் திருப்பிவிட்டவர் பேராசிரியர் ஆப்ரே லூயிஸ். 1960களின் நடுவில் இங்கிலாந்தின் வைட் தீவுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய மனநலக் கணக்கெடுப்பு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1973இல் பிரிட்டனின் முதல் குழந்தைகள் மனநல மருத்துவப் பேராசிரியரானார்.

கேள்வி: தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்களாமே? அதைத் தகர்த்தவர் இவர்தானா?

பதில்: தனியாளாக அல்ல, அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இலேயே அந்தக் கருத்தை எதிர்த்து எழுதிவிட்டார். ரட்டரைப் பொறுத்தவரை எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று: 1960களில் அவரே பரம்பரைக்கு இதில் பெரிய பங்கில்லை என்றுதான் எழுதியிருந்தார். ஆட்டிசம் உள்ள குழந்தையின் உடன்பிறந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மட்டுமே அது இருக்கிறதென்றால், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மிடில்செக்ஸில் விக்டர் லாட்டர் எடுத்த கணக்கின்படி, அக்காலத்தில் பொதுவாகப் பத்தாயிரம் குழந்தைகளில் நாலரைப் பேருக்கே ஆட்டிசம் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு சதவீதம் நாற்பது மடங்குக்கும் மேல். கணக்கு புரிந்ததும் ரட்டர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். சூசன் ஃபோல்ஸ்டைனுடன் அவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவை 21 இரட்டையர் ஜோடிகள் மட்டுமே. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையரான 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மரபணுக்களில் சாதாரண உடன்பிறந்தவர்களைப் போன்ற இருகரு இரட்டையரான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறிதுதான் என்றாலும், தாய்மார்களின் தலையில் ஏற்றப்பட்டிருந்த பழி அதன்பின் நிற்க இடமில்லாமல் போனது.

கேள்வி: ஆட்டிசம் இருக்கிறதா என்று என் மகனைப் பரிசோதித்தவர், பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொன்னார், சோப்புக் குமிழி ஊதினார். விளையாட்டையா பரிசோதனை என்கிறார்கள்?

பதில்: ஆமாம், அம்மா, அந்த விளையாட்டுத்தான் பரிசோதனை. கேதரின் லார்டும் ரட்டரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கி 1989இல் வெளியிட்ட ‘ஏடாஸ்’ என்னும் அந்த முறையில், குழந்தை குமிழியை ரசிக்கிறதா என்பதைவிட, ரசித்ததை அருகில் இருப்பவருடன் பகிர அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறதா என்பதே கவனிக்கப்படுகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பதும் அதில் உண்டு. பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறியும் நேர்காணல் முறை ஒன்றையும் அவர்கள் உருவாக்கினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

கேள்வி: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்று என் மாமியார் அடித்துச் சொல்கிறார்.

பதில்: ஜப்பானில் 1993இல் அந்த ஊசியையே நிறுத்திவிட்டார்கள். ஊசிதான் காரணமென்றால் அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். யோகோஹாமா நகரில் ஹோண்டா, ஷிமிசு ஆகியோருடன் ரட்டர் சேர்ந்து செய்து 2005இல் வெளியிட்ட ஆய்விலோ எண்ணிக்கை தொடர்ந்து ஏறியதே தெரிந்தது. மாமியாரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் வளர்ப்புச் சூழலுக்கு எந்தப் பங்கும் இல்லையா?

பதில்: அப்படியும் அவர் சொல்லவில்லை. ருமேனியாவின் கொடிய அனாதை இல்லங்களிலிருந்து 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குத் தத்து வந்த குழந்தைகளை அவர் குழு பல்லாண்டுகள் பின்தொடர்ந்தபோது, சிலரிடம் ஆட்டிசத்தைப் போன்ற நடத்தை தென்பட்டது. அதை அவர் மறைக்கவில்லை. வழக்கமான ஆட்டிசத்திலிருந்து பிரித்துக் காட்ட வேறு பெயரும் வைத்தார். கடும் புறக்கணிப்பு என்பது வேறு, சாதாரணத் தாயொருத்தியின் சிடுசிடுப்பு என்பது வேறு.

கேள்வி: எத்தனை வயது வரை பணியாற்றினார்?

பதில்: 87 வயது வரை. 2021 கோடையில் ஓய்வு பெற்றார், அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.